ஜாவாவில் கோப்பு வேலை: கூடவே வரும் கருவிகள் போதுமா, வெளி லைப்ரரி வேண்டுமா?

பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் சிறு நிறுவனங்களில் ஜாவா எழுதுகிறவர்களும், கல்லூரியில் இறுதி ஆண்டு புராஜெக்ட் செய்கிற மாணவர்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். கோப்பைத் திறப்பது, படிப்பது, ஒரு ஸ்ட்ரீமிலிருந்து (பைட்டுகள் வரிசையாக ஓடிவரும் தாரை) இன்னொன்றுக்கு மாற்றுவது, கோப்புறையை நகலெடுப்பது, தேவையற்றதை அழிப்பது ஆகிய வேலைகளுக்கு ஜாவாவோடு கூடவே வரும் கருவிகள் போதுமா, அல்லது அப்பாச்சி காமன்ஸ் ஐஓ, குவாவா, ஒகையோ ஆகிய வெளி லைப்ரரிகளில் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்) ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்பதே அந்தக் கேள்வி. இதற்குக் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை எதில் குறைந்த வரிகளில் வேலை முடிகிறது என்பதைத்தான் எடைபோடுகின்றன. வரி குறைவதை நானும் விரும்புகிறேன். ஆனாலும் கோப்பு வேலையில் தவறு நேரும்போது அந்தக் கருவி அதை உடனே சொல்கிறதா, சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான்கு வழிகளையும் இங்கே அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

மனத்தில் வைத்துக்கொள்ள நம் பக்கத்து வேலைகள் மூன்றைச் சொல்கிறேன். முதலாவது, பணகுடி, இராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளிலிருந்து வரும் பதிவுக் கோப்புகள். இரண்டாவது, கூட்டுறவுச் சங்கத்துக்கோ பீடிக் கம்பெனிக்கோ எக்செலில் தயாரித்துக் கொடுத்த தமிழ்ப் பெயர்ப் பட்டியலைப் படித்துத் தரவுத்தளத்தில் ஏற்றுவது. மூன்றாவது, கடை பூட்டிய பிறகு அன்றன்றைய கணக்குக் கோப்புறையை வேறொரு டிரைவுக்கு நகலெடுத்து வைப்பது. நாம் எழுதும் கோப்பு வேலைகளில் பெரும்பகுதி இந்த மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

எவற்றை வைத்து எடைபோடுவது

தவறு தெரிய வருகிறதா என்பதே முதல் அளவுகோல். ஜாவாவின் பழைய ஃபைல் கிளாஸில் உள்ள டெலீட் மெத்தட், அழிக்க முடியாவிட்டால் ஃபால்ஸ் என்று மட்டும் திருப்பித் தரும். கோப்பு இல்லையா, அனுமதி இல்லையா, கோப்புறை காலியாக இல்லையா என்ற காரணம் தெரியாது. லிஸ்ட்ஃபைல்ஸ் மெத்தடோ சிக்கல் வந்தால் நல் (ஒன்றுமில்லை) என்பதைக் கையில் கொடுத்துவிடும். பிரின்ட்ரைட்டர் கிளாஸ் இவற்றைவிட மோசமானது. டிஸ்க் நிறைந்துபோய் எழுத முடியாமல் நின்றாலும் அது எக்ஸப்ஷன் (வேலையை நிறுத்திப் பிழையைச் சொல்லும் அறிவிப்பு) எறியாது. செக்எரர் என்ற மெத்தடை நாமாகக் கூப்பிட்டுக் கேட்டால்தான் சொல்லும். பாதி எழுதப்பட்ட கணக்கு முழுமையானதைப் போலவே கோப்புறையில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது, எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை. தமிழில் எழுதுகிற நமக்கு இது மற்றவர்களைவிடப் பெரிய விஷயம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் தேவை. ‘திருநெல்வேலி’ என்ற சொல்லில் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சேர்த்து 12 குறிகள் இருப்பதால் அது 36 பைட்டுகளைப் பிடிக்கும். பல லைப்ரரிகள் ஒரு தடவைக்கு 8192 பைட்டுகளாகக் கோப்பைப் படிக்கின்றன. இடைவெளியே இல்லாத தமிழ் எழுத்துகளாக நிறைந்திருந்தால் அந்தத் துண்டில் 2730 குறிகள் முழுதாக அடங்கி, அடுத்த குறியின் முதல் இரண்டு பைட்டுகளோடு துண்டு முடிந்துவிடும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ஸ்ட்ரிங்காக மாற்றிச் சேர்க்கும் நிரலில் அந்த இடத்தில் எழுத்து உடைந்து, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தோன்றும். ஆங்கிலக் கோப்பை வைத்துச் சோதிக்கிறவர்களின் கண்ணில் இந்தப் பிழை படாது.

மூன்றாவது, கோப்பின் அளவு. காற்றாலைப் பதிவுகள் வழக்கமாகப் பத்து நிமிடச் சராசரிகளாகச் சேமிக்கப்படுகின்றன. எனவே ஓர் ஆலைக்கு நாளொன்றுக்கு 144 வரிகள், ஆண்டுக்கு 52,560 வரிகள் சேரும். 200 ஆலைகளின் ஓராண்டுப் பதிவை ஒரே கோப்பாகச் சேர்த்தால் 1,05,12,000 வரிகள் ஆகும். வரிக்கு 200 பைட் என்று வைத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 210 கோடி பைட்டுகள். ஜாவாவில் ஒரு பைட் அரேயின் நீளம் 214 கோடியே சொச்சத்தைத் தாண்ட முடியாது. இன்னும் ஐந்து ஆலைகள் சேர்ந்துவிட்டால், முழுக் கோப்பையும் ஒரே வீச்சில் படிக்கும் மெத்தட், எவ்வளவு ரேம் இருந்தாலும் தோற்றுப்போகும்.

நான்காவது, திறந்ததை மூடுவது யார் பொறுப்பு என்பது. ஐந்தாவது, வாடிக்கையாளரின் கணினியில் எந்த ஜாவா இருக்கிறது என்பது. ஜாவா 8-லேயே ஓடிக்கொண்டிருக்கும் பழைய பில்லிங் கணினிகள் நம் கடைத்தெருக்களில் இன்னும் இருக்கின்றன. ஆறாவது, வெளி லைப்ரரியைச் சேர்ப்பதால் வரும் தொடர்சுமை: பதிப்பு மோதல், பாதுகாப்புக் குறை வந்தால் மாற்ற வேண்டிய கட்டாயம், ஜார் கோப்பின் (லைப்ரரியைக் கட்டித் தரும் கோப்பு) அளவு.

ஜாவாவோடு கூடவே வரும் கருவிகள்

ஜாவாவிடம் இருப்பதெல்லாம் 1996-ஆம் ஆண்டின் பழைய ஐஓ தொகுப்புதான் என்று இன்றும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2011-இல் வந்த ஜாவா 7, பாத், ஃபைல்ஸ் என்ற புதிய கிளாஸ்களைக் கொண்டுவந்தது. ஸ்ட்ரீமைத் தானாக மூடிவிடும் டிரை-வித்-ரிசோர்ஸஸ் அமைப்பும் அப்போதே வந்தது. 2014-இல் ஜாவா 8, கோப்பை வரிவரியாக ஓடவிடும் லைன்ஸ் மெத்தடையும், கோப்புறை முழுவதும் நடந்துபோகும் வாக் மெத்தடையும் தந்தது. ஒரு ஸ்ட்ரீமை இன்னொன்றுக்குக் கொட்டும் டிரான்ஸ்ஃபர்டூ 2017-இல் ஜாவா 9-லும், முழுக் கோப்பையும் ஒரே ஸ்ட்ரிங்காகத் தரும் ரீட்ஸ்ட்ரிங் 2018-இல் ஜாவா 11-லும் சேர்ந்தன. வெளி லைப்ரரியைச் சேர்க்க ஒரு காலத்தில் சொல்லப்பட்ட காரணங்களில் பாதிக்கு மேல் இவற்றோடு தீர்ந்துவிட்டன.

தவறைச் சொல்வதில் ஃபைல்ஸ் கிளாஸுக்கு இணையாக மற்ற மூன்றையும் சொல்ல மாட்டேன். அதன் டெலீட் மெத்தட் கோப்பு இல்லாவிட்டால் ஓர் எக்ஸப்ஷனையும், கோப்புறை காலியாக இல்லாவிட்டால் வேறோர் எக்ஸப்ஷனையும் எறிகிறது. எழுத்துக் குறியாக்கத்தில் இந்தக் கண்டிப்பு இன்னும் பயனுள்ளது. யூடிஎஃப்-8 என்று நம்பித் திறந்த கோப்புக்குள் டிஸ்கி, டாம் போன்ற பழைய 8-பிட் தமிழ்க் குறியாக்கத்தில் ஒரு பெயர் கலந்திருந்தால், ரீட்ஸ்ட்ரிங், ரீட்ஆல்லைன்ஸ், லைன்ஸ், நியூபஃபர்ட்ரீடர் ஆகிய நான்கும் எக்ஸப்ஷன் எறிந்து நின்றுவிடும். அதே பைட்டுகளை இன்புட்ஸ்ட்ரீம்ரீடர் வழியாகப் படித்தால், கெட்டுப்போன எழுத்துகளுக்குப் பதிலாக அந்தக் கேள்விக்குறியைப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் மேலே போய்விடும். பட்டியலில் உள்ள ஓர் உறுப்பினரின் பெயர் கேள்விக்குறிகளாகத் தரவுத்தளத்தில் ஏறிவிட்டால், மூலக் கோப்பைத் தேடி எடுக்கும்வரை அந்தப் பெயரை மீட்க வழியில்லை. நிரல் நின்றுபோவது அப்போதைக்கு எரிச்சலைத் தரலாம். ஆயினும் நமக்கு நன்மை செய்வது அதுதான். பாமினி போன்ற எழுத்துரு முறைகளை மட்டும் இந்தக் காவலால்கூடப் பிடிக்க முடியாது. அவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே உட்கார்ந்திருப்பதால் யூடிஎஃப்-8 விதிப்படி அவற்றில் குற்றம் காண முடிவதில்லை.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. லைன்ஸ், கோப்புறையில் இருப்பவற்றைப் பட்டியலிடும் லிஸ்ட், வாக் ஆகிய மெத்தட்கள் தரும் ஸ்ட்ரீம்களை நாமே மூட வேண்டும். சாதாரண லிஸ்ட்டிலிருந்து எடுக்கும் ஸ்ட்ரீமைப் போலவே இவையும் தோற்றமளிப்பதால் பலர் மூடுவதில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்புறையை எட்டிப் பார்க்கும் நிரல் நாளொன்றுக்கு 1,440 தடவை திறக்கும். ஒன்றையும் மூடாவிட்டால் லினக்ஸ் சர்வரில் நாளடைவில் ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்ற பிழை வந்து, அதோடு தொடர்பே இல்லாத வேறொரு பகுதி நின்றுபோகும். விண்டோஸிலோ திறந்திருக்கும் கோப்பையோ கோப்புறையையோ அழிப்பதில் சிக்கல் வரலாம். அந்த வரியை டிரை-வித்-ரிசோர்ஸஸுக்குள் வைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

இன்னொரு செலவு நினைவகம். ஜாவா 9 முதல், ஒரு ஸ்ட்ரிங்கில் லத்தீன் எழுத்துகள் மட்டுமே இருந்தால் எழுத்துக்கு ஒரு பைட்டும், அதற்கு வெளியே ஓர் எழுத்து வந்தாலும் எல்லா எழுத்துக்கும் இரண்டு பைட்டும் செலவாகும். முழுதும் எண்களாக உள்ள காற்றாலைக் கோப்பில் எங்கோ ஓரிடத்தில் ‘பணகுடி’ என்று தமிழில் எழுதியிருந்து, அந்தக் கோப்பை ரீட்ஸ்ட்ரிங்கால் ஒரே ஸ்ட்ரிங்காகப் படித்தால், அந்த ஒரு சொல்லால் மொத்த ஸ்ட்ரிங்கும் இரு மடங்காகிவிடும். வரிவரியாகப் படித்தால் அந்த ஒரு வரியோடு போய்விடும். ஆண்டு முழுவதும் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, ஆனி ஆடிக் காற்று முடிந்து கணக்குப் பார்க்கும் சமயத்தில் ‘அண்ணாச்சி, ரிப்போர்ட் தொறக்க மாட்டேங்கு’ என்று போன் வருவதற்கு இப்படிப்பட்ட முழுக் கோப்பு வாசிப்பு ஒரு முக்கியக் காரணம். ஆகவே அளவு கூடிக்கொண்டே போகும் கோப்புக்கு லைன்ஸ் மெத்தடும், என்றும் சிறிதாகவே இருக்கும் அமைப்புக் கோப்புக்கு ரீட்ஸ்ட்ரிங்கும் ஏற்றவை.

கோப்புறை வேலைகளில்தான் ஜாவா குறைபடுகிறது. ஃபைல்ஸ் கிளாஸின் காபி மெத்தடிடம் ஒரு கோப்புறையைக் கொடுத்தால் காலிக் கோப்புறை ஒன்றை மட்டும் உருவாக்கும். உள்ளே இருப்பவை வராது. உள்ளடக்கத்தோடு அழிக்கவும் நேரான மெத்தட் கிடையாது. வாக் தரும் வரிசையைத் தலைகீழாக்கி ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். எழுதத் தெரிந்தவருக்கு இது பத்து வரிதான், ஆனால் அந்தப் பத்து வரிக்குள் தவறு நுழைய இடமிருக்கிறது.

எழுதும் பக்கத்தில் ஜாவாவுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. மின்சாரம் திடீரென்று போகும் ஊர்களில் இதற்காகவே அதைத் தேர்ந்தெடுக்கலாம். புதிய கணக்கை அதே கோப்புறையில் தற்காலிகப் பெயரில் எழுதி, ஃபைல்சேனலின் ஃபோர்ஸ் மெத்தடால் டிஸ்க்கில் இறக்கிவிட்டு, பிறகு அட்டாமிக் மூவ் என்ற தெரிவோடு மூவ் மெத்தடைக் கூப்பிட்டால், பழைய கோப்பு முழுதாக இருக்கும், அல்லது புதிய கோப்பு முழுதாக இருக்கும். பாதிக் கோப்பு என்ற நிலை வராது. தற்காலிகக் கோப்பு வேறொரு டிரைவில் இருந்தால் இந்த வேலை நடக்காது. அப்போதும் ஜாவா சும்மா நகலெடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவதில்லை. அட்டாமிக் மூவ் முடியாது என்று எக்ஸப்ஷன் எறிகிறது.

அப்பாச்சி காமன்ஸ் ஐஓ

முதல் பதிப்பு 2004-இல் வந்தது. ஜாவாவில் ஒன்றுமே இல்லாத காலத்தில் எல்லாருக்கும் கைகொடுத்த லைப்ரரி என்பதால் இன்றும் பாடத்திட்டங்களிலும் பழைய நிரல்களிலும் நிறைந்திருக்கிறது. இன்றைய பதிப்புகளுக்கு ஜாவா 8 போதும். வேறெந்த லைப்ரரியையும் இது கூட்டிக்கொண்டு வருவதில்லை. ஜாரும் அரை மெகாபைட்டை ஒட்டிய அளவுதான்.

ஜாவாவில் குறைபடுகிற இடமே இதன் பலம். கோப்புறையை உள்ளடக்கத்தோடு நகலெடுக்க காபிடைரக்டரி, அழிக்க டெலீட்டைரக்டரி, அளவு பார்க்க சைஸ்ஆஃப்டைரக்டரி என்று ஒவ்வொன்றும் ஒரே வரியில் முடியும். நகலெடுக்கும்போது கோப்பின் தேதியையும் அது காப்பாற்றுவதால் இரவு பேக்கப் வேலைக்கு மிகவும் பொருத்தமானது. பெரிய பதிவுக் கோப்பைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கும் ரிவர்ஸ்ட்லைன்ஸ்ஃபைல்ரீடர், வளர்ந்துகொண்டே போகும் கோப்பைப் பின்தொடரும் டெய்லர் ஆகியவற்றை ஜாவாவில் நாமே எழுதத் தொடங்கினால் ஒரு வாரம் போய்விடும்.

தமிழ்ப் பட்டியல் வேலைக்கென்று இதில் ஒரு கிளாஸ் இருக்கிறது: பிஓஎம்இன்புட்ஸ்ட்ரீம். எக்செலில் யூடிஎஃப்-8 சிஎஸ்வி ஆகச் சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற மூன்று பைட் அடையாளம் ஒன்று வைக்கப்படும். ஜாவா அதை நீக்காமல் முதல் எழுத்தாகவே படித்துவிடும். விளைவாக, முதல் பத்தியின் தலைப்பு திரையில் ‘உறுப்பினர் எண்’ என்று சரியாகத்தான் தெரியும். ஆனால் நிரலில் ஒப்பிட்டால் பொருந்தாது, டிரிம் செய்தாலும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்து போகாது. பிஓஎம்இன்புட்ஸ்ட்ரீம் வழியாகத் திறந்தால் அடையாளம் உரிந்துவிடும். ஜாவாவிலும் முதல் எழுத்தைப் பார்த்து நாமே வெட்டிவிடலாம். ஒரே இடத்தில் படிக்கும் நிரலுக்கு அது போதும். பல இடங்களில் படிக்கும் நிரலுக்கு இந்த கிளாஸே மேல்.

கடையில் நாலு கணினிகளுக்கும் பொதுவான நெட்வொர்க் கோப்புறையில் புதுக் கோப்பு வந்ததா என்று கவனிப்பதிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. ஜாவாவின் வாட்ச்சர்வீஸ், உள்ளூர் டிஸ்க்கில் இல்லாத கோப்புகளின் மாற்றத்தைக் கவனிக்கும் என்று உறுதி தருவதில்லை. காமன்ஸ் ஐஓவின் ஃபைல்ஆல்டரேஷன்மானிட்டரோ குறித்த நேரத்துக்கு ஒருமுறை தானே போய்ப் பார்க்கிறது. சற்றுத் தாமதமாகலாம், ஆனால் அடுத்த முறை பார்க்கும்வரை கோப்பு அங்கேயே இருந்தால் தவறவிடாது.

இனிக் குறைகளுக்கு வருவோம். தவறை விழுங்கும் பழக்கம் இந்த லைப்ரரியின் சில மூலைகளில் ஊறிப்போயிருக்கிறது. டெலீட்குவையட்லி அழிக்க முடியாத காரணத்தைச் சொல்லாது. குளோஸ்குவையட்லியை எழுதும் ஸ்ட்ரீமின் மேல் போட்டால், மூடும் நேரத்தில் கடைசிப் பகுதியை டிஸ்க்குக்குத் தள்ள முடியாமல் போனதும் தெரியாது. ரைட்ஸ்ட்ரிங்டூஃபைல் போன்றவை இல்லாத கோப்புறைகளைத் தாமாகவே உருவாக்கிக்கொள்ளும். இது வசதிதான், ஆனால் பாதையில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் புதுக் கோப்புறை முளைத்து, கணக்கு அங்கே போய்ச் சேரும். ஜாவாவின் ரைட்ஸ்ட்ரிங்கோ அப்படி ஒரு கோப்புறை இல்லை என்று உடனே சொல்லிவிடும். ஐஓயூட்டில்ஸின் காபி மெத்தட், 214 கோடி பைட்டுக்கு மேல் போனால் நகலைச் சரியாக முடித்துவிட்டு அளவாக -1 என்ற எண்ணைத் திருப்பித் தரும். பெரிய கோப்புகளுக்கு காபிலார்ஜ் மெத்தடைத்தான் கூப்பிட வேண்டும். ரீட்ஃபைல்டூஸ்ட்ரிங் கெட்ட பைட்டைக் கண்டால் நிற்காமல் கேள்விக்குறி போட்டுவிட்டுப் போகும். அதே மெத்தடைக் குறியாக்கத்தைச் சொல்லாமல் கூப்பிட்டால் கணினியின் இயல்புக் குறியாக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜாவா 17 வரையில் விண்டோஸ் கணினிகளில் அது பெரும்பாலும் யூடிஎஃப்-8 ஆக இருக்காது. 2022-இல் வந்த ஜாவா 18 முதல்தான் யூடிஎஃப்-8 எங்கும் இயல்பானது. இதனால் ஒரே நிரல் லினக்ஸ் லேப்டாப்பில் சரியாகவும் கடைக் கணினியில் தாறுமாறாகவும் ஓடக் காண்கிறோம்.

பதிப்புச் சுமையையும் சொல்லியாக வேண்டும். 2.7-க்கு முந்தைய பதிப்புகளில் ஃபைல்நேம்யூட்டில்ஸின் நார்மலைஸ் மெத்தடில் பாதைத் தாண்டல் குறை (அனுமதித்த கோப்புறைக்கு வெளியே போகவிடும் ஓட்டை) ஒன்று 2021-இல் வெளியிடப்பட்டது, 2.14-க்கு முந்தைய பதிப்புகளின் எக்ஸ்எம்எல்ஸ்ட்ரீம்ரீடரில் சர்வரை முடக்கக்கூடிய குறை ஒன்று 2024-இல் வெளியிடப்பட்டது. எனவே பழைய பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டிருக்க முடியாது. எக்செல் கோப்பு எழுத அப்பாச்சி பிஓஐ போட்டிருக்கிறவர்களிடம் காமன்ஸ் ஐஓ பெரும்பாலும் ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும், பிஓஐ 5.1 முதல் அதைச் சார்ந்திருக்கிறது. அந்த நிலையில் நீங்கள் வேறொரு பழைய பதிப்பைக் கையால் எழுதி வைத்தால் கம்பைல் ஆகிவிடும், எக்செல் எழுதும் நேரத்தில் ‘நோ சச் மெத்தட்’ என்று விழும். லைப்ரரிகளைக் கொண்டுவரும் மேவன் கருவியில், எது எதைக் கூட்டிவருகிறது என்று காட்டும் டிபென்டென்சி ட்ரீயை ஒருமுறை அச்சிட்டுப் பார்த்துவிட்டு எந்தப் பதிப்பு என்று முடிவு செய்வது நல்லது.

குவாவா

கோப்பு வேலைக்காக மட்டும் குவாவாவைச் சேர்க்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கூகுளின் இந்த லைப்ரரி ஏறத்தாழ 3 மெகாபைட் அளவுள்ளது. அதில் கோப்புக்கான பகுதி ஒரு மூலைதான். வேறு காரணங்களுக்காக ஏற்கெனவே சேர்ந்திருக்கும் புராஜெக்டில் அந்த மூலையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அது நன்றாகச் செதுக்கப்பட்ட மூலை.

பைட்சோர்ஸ், சார்சோர்ஸ் என்ற அதன் கருத்து அழகானது. திறந்த ஸ்ட்ரீமைக் கையில் கொடுக்காமல், ‘வேண்டும்போது திறக்கத் தெரிந்த ஒன்று’ என ஒரு பொருளைக் கொடுக்கிறது. திறப்பதும் மூடுவதும் அதன் பொறுப்பு. ஆகவே மூட மறப்பது என்ற பிழை பெரும்பாலும் எழுவதேயில்லை. எழுத்தாக வாசிக்கும்போது குறியாக்கத்தைச் சொல்லாமல் விட அது அனுமதிப்பதில்லை. குளோஸ்குவையட்லியை வாசிக்கும் ஸ்ட்ரீம்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, எழுதும் ஸ்ட்ரீம்களிலிருந்து எடுத்துவிட்டது. காமன்ஸ் ஐஓவும் இப்படிச் செய்திருக்க வேண்டும். 21-ஆம் பதிப்பில் வந்த மோர்ஃபைல்ஸின் டெலீட்ரிகர்சிவ்லி, அழிக்கும்போது யாராவது குறுக்கே சிம்பாலிக் லிங்க்கை (வேறிடத்தைக் காட்டும் இணைப்பு) நுழைத்து வேறு கோப்புறையை அழிக்கவைக்கும் தந்திரத்துக்கு இடம் கொடுக்காது. பாதுகாப்பாகச் செய்ய முடியாத கோப்பு முறைமையில் மறுத்துவிடும். பலர் பகிரும் சர்வரில் இது பெரிய காவல்.

ஆனால் கெட்ட பைட்டை இதுவும் கேள்விக்குறியாக்கிவிடும். தற்காலிகக் கோப்புகள் தொடர்பாக 2020-லும் 2023-லும் குறைகள் வெளியாயின, 32.0.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். வேறு லைப்ரரிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குவாவா பதிப்பைக் கேட்டு மோதுவது ஜாவா எழுதுகிறவர்களுக்குப் பழகிப்போன தலைவலி.

ஒகையோ

ஸ்கொயர் நிறுவனத்தின் ஒகையோ, இணையத் தொடர்புக்கான ஓகேஎச்டிடிபி லைப்ரரியின் அடித்தளமாக வளர்ந்தது. 8192 பைட் துண்டுகளைச் சங்கிலியாகக் கோத்து, ஒரு பஃபரிலிருந்து இன்னொன்றுக்குப் பைட்டுகளை நகலெடுக்காமல் துண்டையே கைமாற்றிவிடுவது இதன் சிறப்பு. வாசிப்புக்கும் எழுத்துக்கும் காலக்கெடு வைக்கலாம் என்பதால், காற்றாலையிலிருந்து மொபைல் நெட்வொர்க் வழியாகத் தரவு வந்துகொண்டிருக்கும்போது இணைப்பு தொங்கிப்போனால் நிரலும் சேர்ந்து தொங்காது. ஆண்ட்ராய்டில் ஓகேஎச்டிடிபி இருந்தால் இதுவும் ஏற்கெனவே இருக்கும். ஜாவாவின் பாத், ஃபைல்ஸ் ஆகியவை ஆண்ட்ராய்டு 8 முதல்தான் நேராகக் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய போன்களையும் தாங்க வேண்டிய செயலிக்கு ஒகையோ நல்ல துணை. சாதாரண டெஸ்க்டாப் பில்லிங்குக்கு இது தேவையில்லை. கோட்லின் மொழியின் லைப்ரரியையும் கூடவே இழுத்து வரும்.

ஒரே பார்வையில்

| | ஜாவா கருவிகள் | காமன்ஸ் ஐஓ | குவாவா | ஒகையோ |
|---|---|---|---|---|
| கெட்ட பைட் வந்தால் | ஃபைல்ஸ் கிளாஸ் வழியாக எழுத்தாகப் படித்தால் எக்ஸப்ஷன் | கேள்விக்குறி | கேள்விக்குறி | கேள்விக்குறி |
| குறியாக்கம் சொல்லாவிட்டால் | ஃபைல்ஸில் யூடிஎஃப்-8 | கணினியின் இயல்பு | சொல்லியே ஆக வேண்டும் | மெத்தட் பெயரிலேயே உண்டு |
| கோப்புறையை முழுதாக அழிக்க | நாமே எழுத வேண்டும் | ஒரு வரி | ஒரு வரி, கூடுதல் காவலோடு | ஒரு வரி |
| பாதியில் நிற்காமல் கோப்பை எழுத | அட்டாமிக் மூவ் | ஜாவாவையே கூப்பிட வேண்டும் | ஜாவாவையே கூப்பிட வேண்டும் | அட்டாமிக் மூவ் உண்டு |
| கூடுதல் சுமை | இல்லை | சிறியது | பெரியது | கோட்லின் |

எந்த வேலைக்கு எது

ஜாவா 11 அல்லது அதற்கு மேல் புதிதாகத் தொடங்கும் நிரலுக்கு வெளி லைப்ரரி எதுவும் இல்லாமல் தொடங்குங்கள். காற்றாலைப் பதிவைப் படித்துச் சுருக்கம் எடுக்கும் வேலை முழுவதையும் லைன்ஸ் மெத்தட் ஒன்றாலேயே முடிக்கலாம். இரவு பேக்கப், நெட்வொர்க் கோப்புறைக் கண்காணிப்பு, எக்செலிலிருந்து வரும் பட்டியல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்து சேர்ந்தால் அப்போது காமன்ஸ் ஐஓவைச் சேர்க்கலாம். அதில் கோப்புறை மெத்தட்களையும் பிஓஎம்இன்புட்ஸ்ட்ரீமையும் எடுத்துக்கொண்டு, எழுத்து வாசிப்பை ஜாவாவின் ஃபைல்ஸிடமே விடுவது நான் சொல்லும் வழி. பிஓஎம்இன்புட்ஸ்ட்ரீமின் மேல் ரீடர் போடும்போது குறியாக்கத்தின் பெயரைக் கொடுக்காமல், நியூடீகோடர் மெத்தடால் எடுத்த டீகோடரை (பைட்டுகளை எழுத்தாக்கும் பொருள்) கொடுத்தால் கெட்ட பைட்டுக்கு அங்கேயும் எக்ஸப்ஷன் கிடைக்கும்.

ஜாவா 8-லேயே நிற்கும் வாடிக்கையாளருக்கு ரீட்ஸ்ட்ரிங்கும் டிரான்ஸ்ஃபர்டூவும் இல்லை. ஆனாலும் ரீட்ஆல்லைன்ஸ், லைன்ஸ், ஸ்ட்ரீமை நேராகக் கோப்பில் இறக்கும் காபி ஆகியவை அங்கேயே இருக்கின்றன. ஸ்ட்ரீமிலிருந்து ஸ்ட்ரீமுக்குப் போகும் வேலை நிறைய இருந்தால் காமன்ஸ் ஐஓவைத் தயங்காமல் சேர்க்கலாம்.

ஏற்கெனவே காமன்ஸ் ஐஓ நிறைந்த பழைய நிரலை ஒரே மூச்சில் மாற்றி எழுத வேண்டாம். முதலில் பதிப்பைப் புதியதாக்கி, குறியாக்கம் சொல்லாமல் கூப்பிட்டிருக்கும் இடங்களை நிரல் எழுதும் மென்பொருளான ஐடிஇ ‘டெப்ரிகேட்டட்’ (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்று கோடிட்டுக் காட்டுவதை வைத்துக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள். அடுத்ததாக, எழுதும் ஸ்ட்ரீம்களின் மேல் உள்ள குளோஸ்குவையட்லிகளை டிரை-வித்-ரிசோர்ஸஸாக மாற்றுங்கள். இந்த இரண்டும் முடிந்தாலே தரவு கெடும் வழிகளில் பெரும்பகுதி அடைபட்டுவிடும்; மீதியை அந்தந்தப் பகுதியைத் தொடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நான்கில் எதைத் தேர்ந்தாலும் நம் கையில் மிஞ்சும் வேலை ஒன்று இருக்கிறது. ‘கொக்கிரகுளம்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முதல் எழுத்தான ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே வைத்தது. அங்கிருந்து ஜிப்பாகி வந்த கோப்பு திரையில் அதே பெயரோடு தெரியும். நிரல் தேடினால் கிடைக்காது. மேலே சொன்ன லைப்ரரிகளில் எதுவும் இதைத் தானாகச் சரிசெய்வதில்லை. ஜாவாவின் நார்மலைசர் கிளாஸைக் கொண்டு, கோப்புறையிலிருந்து வரும் பெயரையும் தேடும் பெயரையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும். கோப்பைத் திறக்கும்போது மட்டும் கோப்புறை தந்த பெயரையே அப்படியே கொடுக்க வேண்டும்.